மடிப்பிள்ளைக்கு டிக்கெட் இல்லை

ஆளுக்கொரு டிக்கெட், டிக்கெட்டுக்கொரு லைஃப் ஜாக்கெட். ஏரிப் படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவர் இந்த விதியைக் கரைத்துக் குடித்தவர். ஆனால் அன்று கூட்டம் நெருக்கித் தள்ளியது. கைக்குழந்தையோடு வந்தவளிடம், “மடியிலதான வச்சுக்கப்போற? பிள்ளைக்கு எதுக்கும்மா டிக்கெட்?” என்று தாராளம் காட்டி ஏற்றிவிட்டார்.

நடு ஏரியில், ஒதுங்கிப் போகத் தெரியாத ஒரு வேகப்படகு மோதி, அவள் போன படகு கவிழ்ந்தது. மீட்புப் படகிலிருந்து போனில் கேட்டார்கள்.

“பயணிங்க மொத்தம் எத்தனை பேரு?”

அவர் கிழித்த டிக்கெட்டுகளின் அடிக்கட்டையை எண்ணினார். “பன்னெண்டு.”

“பன்னெண்டு பேரையும் தூக்கியாச்சு. திரும்புறோம்.”

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவளுக்குக் கரையில்தான் மயக்கம் தெளிந்தது. கண்ணைத் திறக்குமுன்பே கை மடியைத் தடவியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார் அவர். மீட்புப் படகை அதற்குள் கட்டிவிட்டிருந்தார்கள்.