நூறு மீட்டர் வெள்ளை வட்டம்

கூட்டம் தொடங்க இருபது நிமிடம் இருக்கும்போதுதான் புவியியல் விரிவுரையாளரின் கண்ணில் அந்தச் சிவப்பு வீக்கம் பட்டது. திரையில் இருந்த வரைபடத்தில், பின்வாசலுக்கு வெளியே, கேக் கடைக்கு நேர் மேலே, கொப்புளம் மாதிரி உப்பிக் கிடந்தது.

"யாரோட தடம் அக்கா இது?"

ஆய்வகப் பொறுப்பாளரான அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நம்ம டீன் ஐயாதான் டீச்சர். தினமும் நாலு மணி. முப்பத்தஞ்சு நிமிஷம், ஆணி அடிச்ச மாதிரி!"

ஆட்கள் எந்த வழியாக நடக்கிறார்கள் என்று தெரிந்தால், வளாகத்தில் விளக்கும் பெஞ்சும் எங்கே தேவை என்று தெரியும். வகுப்பின் வேலை அது. அதற்காக இருபது பேர் ஒரு வாரம் போனில் தடம் பதித்தபடி நடந்தார்கள். டீன் தாமாகவே முன்வந்தார். நூலகரான அவர் மனைவியும் பெயர் கொடுத்தார். டீனுக்கு டாக்டர் இனிப்பைத் தடுத்திருப்பதும், துணைக்குத் தானும் விட்டுவிட்டதாக அந்த அம்மா பெருமையாகச் சொல்வதும் வளாகத்துக் காக்காய்க்கும் தெரியும்.

இன்று டீன் கையெழுத்துப் போட்டால் டிஜிட்டல் வரைபடப் பாடம் அடுத்த ஆண்டும் உண்டு. இல்லையென்றால் கணினி அறை வேறு துறைக்குப் போய்விடும்.

"ஐயாவைத் தனியா கூப்பிட்டு ஒரு தடவை இதைக் காட்டுங்க. கையெழுத்து ஓடி வரும்," என்று அக்கா கண்ணடித்தார்.

விரிவுரையாளருக்கும் ஒரு நொடி ஆசை வந்தது. மறுநொடியே, கடவுளே, என்ன புத்தி இது என்று வெட்கப்பட்டார். ஒருவர் நம்பிக் கொடுத்த தடத்தை அவர் கழுத்துக்கே கயிறாக்குவதா?

வீட்டைச் சுற்றி நூறு மீட்டருக்குள் விழும் புள்ளிகளை வெட்டிவிட வேண்டும் என்பது வகுப்பில் அவரே சொல்லிக்கொடுத்த விதி. அதைச் சற்று நீட்டினார். வளாகத்துக்கு வெளியே யார் எங்கே இருபது நிமிடத்துக்கு மேல் நின்றிருந்தாலும் அந்த இடத்தைச் சுற்றி நூறு மீட்டர் வெட்டு; வரைபடத்தில் வெள்ளை வட்டம்தான் தெரியும். ஒருவருக்கு மட்டுமல்ல, இருபது பேருக்கும்.

கூட்டத்தில் டீன் நெஞ்சை நிமிர்த்தினார். போன் வளாகத்துக்குள் மட்டும்தான் பதியும் என்று நினைத்திருந்தார் போலும். "என் தடத்தைப் போடுங்க. எவ்வளவு நடக்கிறேன்னு எல்லாரும் பார்க்கட்டும்."

தினமும் நாலு மணி என்ற குறிப்போடு கோடு பின்வாசலைத் தாண்டி, ஒரு வெள்ளை வட்டத்துக்குள் விழுந்து, திரும்பி வந்தது.

"அதென்ன ஓட்டை?" முன்வரிசையிலிருந்து நூலகர் கேட்டார்.

"வெளியில தங்கின இடம்மா. சுத்தி நூறு மீட்டர் எல்லாருக்குமே மறைச்சிருக்கோம்."

டீனுக்கு வியர்த்தது. "வாக்கிங்தான்..."

"வாக்கிங்கா? தினமும் நாலு மணிக்கு ஓட்டைக்குள்ளயா நடந்தீங்க?"

அறையே சிரித்தது. டீனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்போ உன்னோடதையும் போடச் சொல்லு!"

"அதெல்லாம் எதுக்குங்க, நேரமாச்சு..."

அதற்குள் அக்காவின் விரல் முந்திக்கொண்டது. இரண்டாவது கோடு, காலை பதினொரு மணிக்குப் புறப்பட்டு, பின்வாசலைத் தாண்டி, அதே வட்டத்துக்குள் போய் விழுந்தது.

விரிவுரையாளர் இதைப் பார்த்திருக்கவில்லை. சட்டென்று அடுத்த படத்துக்குப் போனார். நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டீன் கூரையைப் பார்த்தார். பிறகு தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"இந்தப் பாடம் கண்டிப்பா நடக்கணும். முக்கியமா அந்த வட்டம் போடுற பகுதி."

"நூறு மீட்டர் போதாதும்மா," என்றார் நூலகர் மெதுவாக. "அடுத்த வருஷம் இருநூறா போட்டுடுங்க."