பெட்டி இல்லாத குழு

பல் மருத்துவக் கல்லூரியின் பயிற்சி அறையில் பொம்மைத் தலையின் வாய் அகலத் திறந்திருந்தது. மேல்வரிசையின் கடைசிப் பல்லை நேராகப் பார்க்க முடியாது. கையிலிருக்கும் சின்னக் கண்ணாடியில் பார்த்துத்தான் குடைய வேண்டும். கண்ணாடியிலோ எல்லாம் இடம் மாறித் தெரியும். உள்ளே தள்ளினால் வெளியே வரும். பொறுமை போய், கழுத்தை வளைத்து, தோளைச் சாய்த்து, பல்லை நேராகவே எட்டிப் பார்த்துவிடுவாள் அவள். அதனால் வகுப்பில் அவளுக்கு ஒட்டகச்சிவிங்கி என்று பெயர்.

"நிஜ ஆளா இருந்தா இந்நேரம் உன் முடி அவர் வாய்க்குள்ள இருக்கும்," என்பார் செய்முறை ஆசிரியர்.

ஆறு வாரத்தில் தேர்வு. தேறினால்தான் நோயாளிகளைத் தொட விடுவார்கள். தேறாவிட்டால் கூடப் படிப்பவர்கள் எல்லாம் மேலே போக, அவள் இன்னொரு வருடம் இதே பொம்மையோடு. அம்மா வேறு, "என் பல்லைச் சுத்தம் பண்றதுன்னா அது என் மக கையாலதான்" என்று அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

அப்போதுதான் மேற்படிப்பு படிக்கும் அக்கா ஒருத்தி தன் ஆய்வுக்கு ஆள் தேடி வந்தாள். ஒரு அட்டைப்பெட்டி, உள்ளே கண்ணாடி, கையை மறைக்க ஒரு தடுப்பு. கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி, தாளிலுள்ள நட்சத்திரத்தின் விளிம்பைப் பென்சிலால் வரைய வேண்டும். தினம் அரை மணி, நான்கு வாரம். இப்படிப் பழகினால் பல்லிலும் கை சொன்னபடி கேட்குமா என்பதுதான் ஆய்வு. பாதிப் பேருக்குப் பெட்டி. மீதிப் பேர் வழக்கம்போல. எல்லாரையும் அளந்து முடித்த பிறகு அவர்களுக்கும் உண்டு.

சீட்டுக் குலுக்கினார்கள். அறைத்தோழிக்குப் பெட்டி கிடைத்தது. ஒட்டகச்சிவிங்கிக்குப் பெட்டி இல்லாத குழு.

மாற்றிக் கேட்கலாமா என்று வாயெடுத்தாள். அதற்குள் 'அளந்து முடிக்கும்வரை பெட்டியைத் தொட மாட்டேன்' என்ற தாள் கைக்கு வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டாள்.

தோழி முதல் நாள் வரைந்த நட்சத்திரம் நசுங்கிய நண்டு மாதிரி இருந்தது. மூன்றாம் வாரம் அச்சடித்த மாதிரி.

"நான் குளிக்கப் போறேன்டி. பெட்டி மேசை மேல இருக்கு," என்றாள் தோழி ஒரு மாலை. "அதுக்குக் கண்ணும் இல்ல, வாயும் இல்ல."

"ச்சீ, போடி!"

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எழுந்து பெட்டியின் முன் உட்கார்ந்தாள்.

தோழி குளிக்கும் பத்து நிமிடம். அப்படி ஐந்து நாள். நாற்பத்தொரு நட்சத்திரம். திருட்டுத்தனம் செய்தாலும் பழக்கம் விடுமா? குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி, நிமிடம், பிழை எல்லாவற்றையும் எழுதி வைத்தாள்.

அளக்கும் நாளில் அவள் குடைந்த குழியின் சுவர் நேராக நின்றது. அவளாலேயே நம்ப முடியவில்லை.

மறுநாள் தன் பங்குப் பெட்டியை வாங்க ஆய்வறைக்குப் போனாள். அக்கா கணினி முன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வா, ஒட்டகச்சிவிங்கி. இதைப் பாரு."

திரையில் ஆளுக்கொரு புள்ளி. பெட்டி உள்ளவர்கள் மேலே கூட்டமாக, இல்லாதவர்கள் கீழே. கீழே இருக்க வேண்டிய ஒரு புள்ளி மட்டும் வீடு மாறி மேலே போய் உட்கார்ந்திருந்தது.

"அது நீ. பெட்டி இல்லாமலே இவ்ளோ ஏறியிருக்க. எனக்கு இருக்கிறதே கொஞ்சம் பேர். 'அப்ப எதுக்கும்மா பெட்டி?'ன்னு துறைத்தலைவர் கேப்பாரு. அடுத்த வருஷப் பிள்ளைங்களுக்கு இது கிடைக்காது."

பேசாமல் பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விடலாம். யாருக்கும் தெரியாது. சொன்னால் தேர்வு எழுதவே விடுவார்களோ என்னவோ. ஆனால் அடுத்த வருடமும் ஒருத்தி கழுத்தை வளைத்துக்கொண்டு நிற்பாள்.

"அக்கா, அந்தப் புள்ளி பொய்."

"என்னது?"

"நான் பெட்டியைத் தொட்டேன். அஞ்சு நாள்."

அக்காவின் முகம் சிவந்தது. "யார் பெட்டி?"

"அது வேண்டாம்க்கா."

"உன் ரூம்ல யார் இருக்கான்னு எனக்குத் தெரியாதா? கையெழுத்துப் போட்டுக் குடுத்தியே! இப்ப உங்க ரெண்டு பேர் கணக்கையும் தனியா எடுத்து, நடந்ததை அறிக்கையில எழுதணும்."

"எழுதுங்க." குறிப்பேட்டை நீட்டினாள். அதைத் தவிர அவளிடம் வேறு எதுவும் இல்லை.

அக்கா திட்டத் தயாராகத்தான் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். படித்தாள். மறுபடி மேலிருந்து படித்தாள்.

"பத்து நிமிஷம்தானா?"

"அவ சீக்கிரம் குளிச்சிருவாக்கா."

அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நான் அரை மணின்னு வச்சேன். ஏன் அரை மணின்னு ஒருத்தரும் கேக்கல. நானும் கேக்கல."

"அப்போ பத்து நிமிஷம் போதுமாக்கா?"

"ஒரு ஆளை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அதுவும் திருடின ஆளை வச்சு!" அக்கா பெட்டியை எடுத்து அவள் கையில் வைத்தாள். "ஆனா கேக்க ஒரு கேள்வி கிடைச்சிருக்கு. இந்தா, இனி இது உன்னுது. எழுதி வைக்கிறதை மட்டும் விட்டுடாத."

இரண்டு வாரம் கழித்துத் தேர்வு. செய்முறை ஆசிரியர் வந்து பின்னால் நின்றார். கழுத்து ஒரு தரம் வளையப் பார்த்தது. விடவில்லை.

"எங்க நம்ம ஒட்டகச்சிவிங்கி? இன்னைக்கு வரலையா?"

"இங்கதான் சார்," என்றாள், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் குனிந்து பார்த்தார். குழிக்குள் ஊசிமுனையை ஓட்டிப் பார்த்தார். தாளில் எதையோ எழுதினார். "திங்கக்கிழமை நோயாளிகள் பிரிவுக்கு வந்துரு. முடியைக் கட்டிக்கிட்டு வா."

வெளியே வந்ததும் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"என்னடி, என்னாச்சு?" என்றாள் அம்மா பதறி.

"ஒண்ணுமில்லம்மா. வாயை அகலமாத் திறந்து பழகிக்கோ."