ரகுவின் வண்டி இழுக்கவில்லை

மூன்றாவது முறையாக ரகு தன் வண்டியை என் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருப்பதி ரேணிகுண்டா ரோட்டில் வண்டிகளின் எலக்ட்ரிக்கல் வேலைக்கென்றே கடை போட்டிருக்கிறேன். கேசியா கை வைத்த வண்டி திரும்பி வராது என்று எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரை இந்த ஏழு சீட் டீசல் வண்டி சந்தி சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது.

"இன்னா ரகு, மறுபடியுமா?"

"ஆமாக்கா. புத்தூர் தாண்டி ஒரு லாரிய ஓவர்டேக் பண்ணிக்கினு இருக்கேன், பாதியில பிக்கப் போயிடுச்சு, வண்டி இழுக்கல. எதுர்ல பஸ்ஸு. உள்ள ஆறு பொண்ணுங்க. கத்தக்கூட இல்லக்கா, மூச்சப் புடிச்சிக்கினு உக்காந்திருந்தாங்க."

ரகு திருத்தணிக்காரன். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை செய்யும் பெண்களை தினமும் கூட்டிப்போய்க் கூட்டி வருகிறான். அன்று அவன் மனைவி கன்னிகாவும் கூட வந்திருந்தாள்.

"இன்னொரு வாட்டி இப்படி ஆச்சின்னா வண்டிய வித்துட்டு நானும் கம்பெனிக்கே போயிடுவேன்" என்றான். "ஸ்டேரிங்க தொடவே பயமா இருக்குது."

நான் நீட்டிய தண்ணீர் பாட்டிலை வாங்கி ஒரே மூச்சில் குடித்தான். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற சாமான். எவ்வளவு திணிக்கிறது என்று அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்ல, தீப்பெட்டி அளவில் ஒரு பிரஷர் சென்சார் இருக்கிறது. அது தப்பாகச் சொன்னால் கம்ப்யூட்டர் பயந்துபோய் இன்ஜினைக் காப்பாற்றப் பவரைக் குறைத்துவிடும். எதிரில் பஸ் வருவதெல்லாம் அதற்குத் தெரியாது. முதல் தடவை சென்சார் நிஜமாகவே செத்திருந்தது, மாற்றினேன். இரண்டாம் தடவை அதன் பிளக்கில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. வாட்டர் வாஷ் தண்ணீர்தான் என்று நினைத்து, சுத்தம் செய்து, ரகுவை நன்றாகத் திட்டி அனுப்பினேன். இன்ஜின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை என்று அவன் அடித்துச் சொன்னான். நான் நம்பவில்லை.

இந்த முறை ஸ்கேனரை மாட்டி, சாவியை மட்டும் போட்டேன். இன்ஜின் ஓடாதபோது டர்போவும் சும்மா இருக்கும், சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்டவேண்டும். இது எங்கோ பாதாளத்தில் காட்டியது. ஒயரை ஆட்டினேன், எண் தவளைபோல் குதித்தது. ஆகச் சென்சார் மேல் குற்றமில்லை, பிளக்தான். கழற்றினேன். கம்பிகளில் மறுபடியும் பச்சை. சுற்றியிருந்த ரப்பர் உப்பிப்போய், காய்ந்த சிவப்பாய் ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன். மஞ்சள். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்த ஆரத்தித் தண்ணீர்.

ரகு டீ வாங்கப் போயிருந்தான். கன்னிகா என் பக்கத்தில் வந்து நின்று பிளக்கையே பார்த்தாள்.

"அது நான்தான்க்கா" என்றாள். "மொத வாட்டி நீங்க சரி பண்ணதும் அவருதான் பானட்டத் தொறந்து, இந்த எடந்தான் என்னக் கவுக்கப் பாத்துச்சுன்னு காட்டினாரு. கண்ணு பட்டது அங்கதான்னு, வெள்ளிக்கிழம காலையில அவரு தூங்கிக்கினு இருக்கும்போது ஆரத்தி சுத்தி, பானட்டத் தொறந்து அதுமேல ஊத்துவேன். மறுபடியும் நின்னுச்சா, இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா ஊத்தினேன்."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நாங்கள் சித்தூர் மிஷன் சபைக்காரர்கள், ஆரத்தி வழக்கமில்லை. ஆனால் நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பா, வண்டியை எடுக்குமுன் ஸ்டேரிங்கில் கை வைத்து ஜெபித்து முடிப்பதற்குள் பின்னால் நிற்கிற வண்டிகள் ஹாரன் அடித்தே ஓய்ந்துவிடும். பயம் எல்லா வீட்டிலும் ஒரே பயம்தான்.

"அவராண்ட சொல்லாதீங்கக்கா" என்றாள் கன்னிகா.

சரி, ஒயர் அறுந்திருந்தது என்று சொல்லிவிடலாம் என முடிவு செய்தேன். புதுப் பிளக், புது ரப்பர் போட்டு முடித்தபோது ரகு டீயோடு வந்தான். "இன்னா ஆச்சுக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள், சொல்லாதீங்க என்று கெஞ்சிய கன்னிகாவே முந்திக்கொண்டாள். ஒன்று விடாமல் சொன்னாள். குரல் உடைந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. ரகு அவளையே பார்த்தான். கத்தினான் என்றால் நானும் கத்துவது என்று தயாராக நின்றேன். அவன் டீயை பெஞ்சில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினான்.

ஓட்டிப் பார்க்காமல் எந்த வண்டியையும் நான் விடுவதில்லை. ஸ்கேனரோடு முன்னால் உட்கார்ந்தேன், கன்னிகா பின்னால். பைபாஸில் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். எதிரே ரோடு காலியாக இருந்தது. ரகு வலதுபக்கம் எட்டிப் பார்ப்பதும் பின்வாங்குவதுமாக இருந்தான். நெற்றியெல்லாம் வேர்வை.

"நம்பர் சரியாக் காட்டுது ரகு. தாராளமாப் போ" என்றேன்.

மிதித்தான். அழுத்தம் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. லாரி பின்னால் போய்விட்டது. கொஞ்ச தூரம் தள்ளி ஓரமாக நிறுத்தினான். அப்போதும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வர்ற வெள்ளிக்கிழம சக்கரத்துல ஊத்து" என்றான். "ஆனா நிறுத்திடாதே. நீ எனக்காக ஆரத்தி சுத்தறேன்னு இன்னிக்குத்தான் தெரியும். இனிமே நீ சுத்தலன்னா எனக்கு வண்டி எடுக்க தைரியம் வராது."

கன்னிகா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் ஸ்கேனர் ஒயரைக் கழற்றிச் சுருட்டினேன். "இனிமே பானட்டத் தொறந்தே, கைய ஒடிச்சிடுவேன்" என்று அவளை அதட்டினேன். அவள் அழுதபடியே தலையாட்டினாள்.