பந்து உள்ளே போகக் கூடாது

தார்தோ லெமோஸைப் பேசாமல் இருக்கச் சொல்வதும் ஒன்றுதான், அவரைப் பட்டினி போடுவதும் ஒன்றுதான். முப்பத்து மூன்று வருடமாகப் பாசோ தெல் சாவுசே ஊரின் வானொலியில் கால்பந்து வர்ணனை செய்கிறவர், ஊருக்கு மரியாதையாகத் ‘தோன்’ தார்தோ. பந்து கோட்டைத் தாண்டியதும் அவர் பிடிக்கிற ‘கோல்’ என்ற ஒற்றைச் சொல் இருபத்தாறு விநாடி நீளும். வேலையற்றவர்கள் கடிகாரம் வைத்து அளந்திருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு வியாழக்கிழமை காலையில் சட்டையைக் கழற்றச் சொல்லி, மார்பில் ஒயர்களை ஒட்டி, ஆஸ்பத்திரியின் சி.டி. ஸ்கேன் மேசையில் மல்லாக்கப் படுக்கவைத்து, “அசையாதீங்க, பேசாதீங்க, எதையும் நெனச்சு படபடக்காதீங்க” என்றார்கள்.

படபடக்காமல் எப்படி இருப்பார்? ஞாயிற்றுக்கிழமை உள்நாட்டுக் கோப்பையின் இறுதி ஆட்டம். ஊர் அணி அவ்வளவு தூரம் வருவது இதுதான் முதல் தடவை. எதிரே ரிவேரா ஊர் அணி. பேக்கரிக்காரர் முதல் பாதிரியார் வரை ஊரில் வேறு பேச்சே இல்லை. அந்த ஆட்டத்தைத் தார்தோ வர்ணிப்பாரா, மாட்டாரா என்பதை இன்றைய ஸ்கேன்தான் சொல்லப் போகிறது.

இரண்டு வாரத்துக்கு முன்னால், புதன்கிழமை நடந்த அரையிறுதியின் அறுபத்திரண்டாம் நிமிடத்தில் தார்தோவுக்குப் பேச்சு நின்றது. பந்து தெரிகிறது, ஆள் தெரிகிறது, பெயர் வாய்க்கு வரவில்லை. வலது கை மைக்கை நழுவவிட்டது. நாற்பது விநாடி. பிறகு ஒன்றுமே நடக்காதது போல எல்லாம் திரும்பி வந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வானொலி நிலையத்தைத் திட்டினார்கள். அவரும் ஒயரில் கோளாறு என்று சொல்லிச் சமாளித்துவிட்டார். வீட்டில் அது எடுபடவில்லை. சமையலறையில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி நில்சா அவரை மறுநாளே டாக்டர் இவோன் முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தாள்.

டாக்டர் இவோன் வியாழக்கிழமை மட்டும் வருகிற இதய மருத்துவர். ஒரு பகலும் இரவும் பதிவுக் கருவியைக் கட்டி அனுப்பிப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

“உங்க இதயம் அப்பப்ப தாளம் தப்பி நடுங்குது, தோன் தார்தோ. அப்ப இடது பக்கத்துல ஒரு சின்னப் பை இருக்கு, அதுல ரத்தம் ஓடாம தேங்கிடும். தேங்கினா உறையும். அதுல ஒரு துணுக்கு பிச்சுக்கிட்டு மூளைக்குப் போச்சுன்னா பேச்சு போயிடும். அன்னிக்கி நாப்பது விநாடி. அடுத்த தடவை எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. அந்தப் பையையும் ரத்தக் குழாய்களையும் ஸ்கேன்ல பாத்துடலாம்.”

“பை காலியா இருந்தா?”

“ஞாயித்துக்கிழமை நானும் ரேடியோவ வெச்சுக் கேப்பேன்.”

இதைக் கேட்டபின் தார்தோ விட்டாரா? தாளில் எழுதியிருந்த ஒவ்வொரு விதியையும் படித்தார், கடைப்பிடித்தார். அதில்தான் வினையே வந்தது.

ஸ்கேன் எடுக்கிற மைரா கண்ணாடிக்குப் பின்னால் திரையில் துடிப்பைப் பார்த்தாள். தொண்ணூற்று நான்கு. வெளியே வந்தாள்.

“தோன் தார்தோ, இதயம் இந்த ஓட்டம் ஓடினா படம் கலங்கிடும். ரெண்டு துடிப்புக்கு நடுவுல அது அசையாம நிக்கிற நேரம் பாத்துதான் படம் பிடிக்கணும். அறுபத்தஞ்சுக்குக் கீழ வரணும். காலைல காபி குடிச்சீங்களா?”

“காபியா? கூடாதுன்னு எழுதியிருந்தீங்களே. ரெண்டு நாளா மோந்துகூடப் பாக்கல.”

“டீ? கோலா?”

“சத்தியமா இல்ல.”

மைராவின் கண் கதவோரம் நின்ற நில்சாவின் மேல் போனது. நில்சாவின் கக்கத்தில் பிளாஸ்க், கையில் இலைத்தூளும் வெந்நீரும் நிரம்பிய சுரைக்குடுவை, அதில் செருகிய உலோக உறிஞ்சுகுழல்.

“அப்ப அது என்ன?”

“அது மாத்தே.”

“எவ்வளவு குடிச்சீங்க?”

“அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சது. ரெண்டு பிளாஸ்க் ஆயிருக்கும்.”

“ஐயோ! காபில இருக்கற அதே சரக்குதான் மாத்தேலயும் இருக்கு!”

“என்னம்மா சொல்ற? காபி வேற, மாத்தே வேற. காபின்னு எழுதினீங்க, விட்டேன். மாத்தேன்னு எழுதலியே?”

“தண்ணிகூடக் கூடாதுன்னு எழுதியிருந்தாலும் இந்தக் கிழவன் மாத்தே குடிச்சிருப்பான்” என்றாள் நில்சா.

அவர்மேல் தப்பில்லை. இந்த நாட்டில் மாத்தேயை யாரும் குடிக்கிற பொருளாகவே கணக்கில் சேர்ப்பதில்லை. மூச்சு விட்டீர்களா என்று யாராவது கேட்பார்களா? மைராவும் மேற்கொண்டு சத்தம் போடவில்லை. கணினிக்குப் பக்கத்தில் இருந்த தன் குடுவையை ஒரு கோப்பால் மூடி வைத்துவிட்டு, இதயத் துடிப்பைத் தணிக்கும் மாத்திரை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு மணிநேரம் காத்திருக்க வேண்டும். டாக்டர் இவோனுக்கு ஒரு மணி பஸ். இந்தக் கிழமையை விட்டால் அடுத்த வியாழன்தான், அதற்குள் இறுதி ஆட்டம் முடிந்து மைதானத்தில் புல்லே வளர்ந்துவிடும்.

துடிப்பு இறங்கத்தான் செய்தது. எண்பத்தெட்டு, எண்பத்திரண்டு. அப்போது ஆம்புலன்ஸ் டிரைவர் தலையை நீட்டினான். “தோன் தார்தோ, முன்னால சோசாவ இறக்குவாங்களா, மாட்டாங்களா?” தொண்ணூற்றொன்று. அவனைத் துரத்தி எண்பதுக்கு வந்ததும் சமையல்காரம்மா. “கோல்கீப்பருக்கு முழங்கால் வீக்கமாமே?” தார்தோ எழுந்தே உட்கார்ந்துவிட்டார். தொண்ணூற்றாறு.

“யாராவது இன்னொரு தடவை ‘பந்து’ன்னு சொன்னீங்க, உங்க எல்லாரையும் இந்த மிஷின்ல போட்டு மூடிடுவேன்!” என்று தாழ்வாரத்தில் கத்திவிட்டுக் கதவைச் சாத்தினாள் மைரா. மணி பன்னிரண்டை நெருங்கியது. எழுபத்தொன்றுக்கு வந்த துடிப்பு அங்கேயே நின்றது, இறங்குவேனா என்றது.

மைரா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நீங்க வர்ணிச்சதுலயே படு மட்டமான ஆட்டம் எது?”

தார்தோவுக்குச் சுருக்கென்றது. “நான் வர்ணிச்சா மட்டமான ஆட்டம்னு ஒண்ணு கிடையாது.”

“ஏன் இல்ல? சரந்தி கிராமம், மழை, பூஜ்யத்துக்குப் பூஜ்யம்” என்றாள் நில்சா. “நான் பீன்ஸ் வேகவெச்சுக்கிட்டே தூங்கி, அடிபிடிச்சுப் போச்சே.”

“ஐயோ, அதுவா!”

“அதேதான். கண்ண மூடுங்க. மனசுக்குள்ளயே முதல்லேருந்து சொல்லிட்டு வாங்க” என்றாள் மைரா.

தார்தோ கண்ணை மூடினார். எந்த ஆட்டத்தையும் மறக்காத மண்டை அது. ஐந்தாம் நிமிடம், பந்து கோட்டுக்கு வெளியே. ஏழாம் நிமிடம், மறுபடி வெளியே. பன்னிரண்டாம் நிமிடம் ஒரு நாய் மைதானத்துக்குள் வந்தது, கொஞ்ச நேரம் பார்த்தது, அதுவும் போய்விட்டது. அறுபத்தொன்பது. இருபதாம் நிமிடம் நடுவர் ஷூ லேஸ் கட்டினார். அறுபத்தாறு. இடைவேளையில் கூட்டத்தில் பாதி வீட்டுக்குப் போனது. அறுபத்து மூன்று!

“அப்படியே இருங்க, அப்படியே!” மைரா கண்ணாடி அறைக்குள் ஓடினாள். ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது. “எந்த நிமிஷத்துல இருக்கீங்க?”

“எழுபது. எண்பத்தெட்டுல ஒரு பெனால்டி வரும், பாரு...”

“அங்க போகவே போகாதீங்க! எழுபதுலயே நில்லுங்க!”

படத்தில் ரத்தம் தெரிவதற்காகக் கையில் ஏற்றிய மருந்து உடம்பு முழுக்கச் சூடாகப் பரவியது. டவுசரை நனைத்துவிட்டோமோ என்று ஒரு கணம் அவருக்குப் பகீரென்றது. மூச்சைப் பிடிக்கச் சொன்னாள். இருபத்தாறு விநாடி கத்துகிறவருக்கு மூச்சுப் பிடிப்பதா பெரிது? மேசை வளையத்துக்குள் போய் வந்தது. எல்லாம் ஆறேழு விநாடி.

கண்ணாடி அறைக்குள் டாக்டர் இவோனும் வந்து திரைமேல் குனிந்தாள்.

பிறகு டாக்டர் இவோனின் குரல். “தோன் தார்தோ, எழுந்துடாதீங்க. அந்தப் பையோட நுனில ஒரு நிழல் தெரியுது. ரத்தம் மெதுவாப் போனாலும் இப்படித்தான் தெரியும். ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு படம் எடுக்கறோம். மருந்து போய்ச் சேர்ந்து நிழல் மறைஞ்சா நல்லது.”

“மறையலேன்னா?”

“ஒரு நிமிஷம் பொறுங்க.”

அந்த ஒரு நிமிடத்தைப் போல நீளமான நிமிடத்தைத் தார்தோ எந்த மைதானத்திலும் பார்த்ததில்லை. சரந்தியும் நாயும் எங்கே போயினவோ தெரியவில்லை. மறைந்துவிடு, மறைந்துவிடு என்று ஒரு நிழலிடம் கெஞ்சிக்கொண்டு கிடந்தார். மேசை மறுபடி உள்ளே போனது, வந்தது.

நிழல் மறையவில்லை.

டாக்டர் அவரைத் திரை முன்னால் உட்காரவைத்தாள். நில்சா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவருடைய இதயம் சாம்பல் நிறத்தில் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது.

“குழாய்ங்க மோசமில்ல. இங்க ஒரு இடத்துல கொஞ்சம் சுண்ணாம்பு படிஞ்சிருக்கு. ஐம்பத்தெட்டு வயசு வரைக்கும் நீங்க தின்ன மாட்டுக்கறிக்கு இது அதிர்ஷ்டம்தான். இப்ப இதப் பாருங்க.” டாக்டரின் விரல் ஒரு சிறு பையின் நுனியைத் தொட்டது. அங்கே ஒரு மொச்சைக்கொட்டை அளவில் கறுப்பாக ஏதோ ஒன்று, ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடியது. “ரத்தக் கட்டி. கண்டுபிடிச்சிட்டோம், தோன் தார்தோ! அது கிளம்பறதுக்கு முன்னாடி நாம பாத்துட்டோம்!” டாக்டரின் முகம் முழுக்கப் பூரிப்பு. மைரா கைதட்டாத குறை.

தார்தோவுக்கு அவர்களை ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. “ஞாயித்துக்கிழமை?”

“கட்டில்ல. இன்னிக்கே ஊசி ஆரம்பிக்கறோம், ரத்தம் உறையாம இருக்க. கொஞ்ச வாரத்துல அது கரையும். ரெண்டு மணிநேரம் கத்தி, இதயம் தாளம் தப்பி, அது இப்ப பிச்சுக்கிட்டா...”

“முப்பத்து மூணு வருஷம், டாக்டர்! முப்பத்து மூணு வருஷமா இந்த ஒரு ஆட்டத்துக்காகத்தான் மைதானத்துல அந்தத் தகரக் கூண்டுல வெந்துக்கிட்டிருந்தேன். ஊசியப் போட்டு விடுங்க, நான் போறேன். என்ன கட்டியா போடுவீங்க?”

“கட்ட முடியாது. உங்க இஷ்டம்” என்றாள் டாக்டர்.

நில்சா தடுத்திருந்தால் அவர் சண்டை போட்டிருப்பார், சண்டையில் ஜெயித்தும் இருப்பார். அவள் திரையையே பார்த்தாள். வேறு வழியில்லாமல் அவரும் பார்த்தார்.

பார்க்கப் பார்க்க, தொழில் புத்தி தானாக வேலை செய்தது. பெட்டிக்குள் தனியாக நிற்கிறது அந்தக் கறுப்பு. முன்னால் தடுக்க ஒரு ஆள் இல்லை. கோல்கீப்பரும் இல்லை. அது நினைத்தால் போதும், நேரே உள்ளேதான், தலைக்குள், இந்த ஊர் முழுக்க அவர் சேர்த்து வைத்திருக்கிற பெயர்கள் இருக்கிற இடத்துக்குள். வாழ்நாள் பூராவும் ஏதோ ஒரு பந்தை உள்ளே போ, உள்ளே போ என்று கெஞ்சிய மனிதர், முதல் தடவையாக, வேண்டாம், உள்ளே போகாதே, அங்கேயே நில் என்று வேண்டினார். பயந்துபோனார். பயத்தை மறைக்கவும் தோன்றவில்லை.

“அந்த ஃபோனக் குடு, கிழவி.”

வில்மார் எடுத்தான். பதினொரு வருடமாகக் கோட்டோரத்தில் நின்று, ‘யார் மாற்று ஆள், யாருக்கு மஞ்சள் அட்டை’ என்று சொல்வதற்கு மேல் தார்தோ அவனை வாய் திறக்கவிட்டதில்லை.

“வில்மார், ஞாயித்துக்கிழமை நீ பேசு.”

“விளையாடாதீங்க, தோன் தார்தோ.”

“விளையாடல. கூண்டுல ஏறு. கடைசி எழுத்த முழுங்காத. பேர முழுசாச் சொல்லு.”

“அப்ப நீங்க?”

“நான் கேக்கறேன்டா” என்றார் தார்தோ. நில்சா ஃபோனை வாங்கிக்கொண்டாள். மருந்து ஊசியோடு நர்ஸ் வந்து நின்றாள், தொப்பையைக் காட்டச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வார்டில் உள்ள எல்லாக் கட்டிலும் தார்தோவின் கட்டில் பக்கமாக நகர்ந்துவிட்டது. மைராவுக்கு அன்று விடுமுறை. ஆனாலும் வந்துவிட்டாள். டாக்டர் ஃபோனில் போட்ட நிபந்தனையைக் காப்பாற்ற வேண்டுமாம். கட்டிலோரத் திரையில் துடிப்பு நூற்றுப்பத்தைத் தொட்டால் வானொலி அணைக்கப்படும்.

“கேட்டீங்களா? நூத்திப்பத்து. நான் அணைச்சிட்டுப் போயிட்டே இருப்பேன்.”

“நீ ராட்சசிம்மா” என்றார் தார்தோ.

முதல் பாதியில் கோல் இல்லை. வில்மார் உளறினான், திக்கினான், இடைவேளைக்குப் பிறகு கொஞ்சம் சூடு பிடித்தான். தொண்ணூறு, தொண்ணூற்றைந்து. எழுபத்தொன்றாம் நிமிடம் இடது கோட்டோரத்தில் பந்து நம்ம எஸ்காயோலா காலில், சோசா வலது பக்கம் என்றான் வில்மார். நூற்றிரண்டு. பந்து உயரே வந்தது, மெதீனா தலையால் தட்டினான், கூட்டம் எழுந்த சத்தம் ஜன்னல் வழியாகவே கேட்டது.

“கோஓஓஓல்! சோசா! சோசாதான்! பாசோ தெல் சாவுசே!” வில்மார் அலறினான்.

வார்டே அலறியது. காலில் மாவுக்கட்டுப் போட்டவர்கூட எழப் பார்த்தார். தார்தோ மட்டும் கையை உயர்த்தினார்.

“சோசா இல்லடா, முட்டாள்! சோசா வலது பக்கம் இருக்கான்னு இப்பத்தானே நீயே சொன்ன! எஸ்காயோலா இடது பக்கத்துலேருந்து தூக்கிப் போட்டான், மெதீனா தலையால தட்டி விட்டான், பின்னால ஓடி வந்து அடிச்சது பதினொண்ணாம் நம்பர், பெலூசோ! ரூபென் பெலூசோ! அவன் ஒருத்தன்தான் அந்த இடத்துல இருக்க முடியும்!”

ஒரே மூச்சு. ஒரு பெயர் தட்டவில்லை, ஒரு எழுத்து நழுவவில்லை. வானொலியில் இரைச்சல் கொஞ்சம் அடங்கியது. வில்மாரின் குரல் கீச்சென்று வந்தது.

“மன்னிக்கணும் நேயர்களே... சோசா இல்ல. பதினொண்ணு. அடிச்சது பெலூசோ.”

வார்டு இரண்டாம் தடவை அதிர்ந்தது. இந்த முறை கோலுக்காக இல்லை. மாவுக்கட்டுக்காரர் ஊன்றுகோலால் கட்டிலைத் தட்டினார், யாரோ தார்தோவின் தலையைப் பிடித்து முத்தமிட்டார்கள். நில்சா மைராவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். “எல்லாப் பேரும் வந்துடுச்சு, பாத்தியா, ஒண்ணுகூட விடல” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

திரையில் நூற்றெட்டு. மைரா ஒரு கையை வானொலியின் மேலேயே வைத்திருந்தாள். ஆட்டம் முடிய இன்னும் பத்தொன்பது நிமிடம் இருந்தது.