மூன்றாவது அடி

ஆய்வுப் படிப்பு ஒருபுறம், அப்பாவை மனதுக்குள் தினமும் சாகடிப்பது மறுபுறம் என்று விண்ணரசிக்கு இரண்டு வேலைகள். குடவாசல் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் மரியஅந்தோணி ஒரு தடவை போனை எடுக்காவிட்டால் போதும், தஞ்சாவூர் ஆய்வகத்தில் நிற்கும் மகளுக்குக் கை வேர்த்துவிடும். வயலில் பாம்பு கடித்திருக்கும். இல்லையென்றால் மோட்டாரில் கரண்ட் அடித்திருக்கும். அதுவும் இல்லையென்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் கிடப்பார். பாழாய்ப்போன மனசு சவப்பெட்டி வரைக்கும் போய்விட்டுத்தான் ஓயும்.

காரணம் இல்லாமல் இல்லை. அம்மா இறந்த அன்று அவள் போனைச் சைலண்டில் போட்டுவிட்டு ஆய்வகத்தில் மண் மாதிரி சலித்துக்கொண்டிருந்தாள். சொந்தபந்தம் எல்லாம் கூப்பிட்டு ஓய்ந்திருந்தது. அவள் போய்ச் சேர்வதற்குள் பெட்டியை மூடிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஊருக்கு ஓடியிருக்கிறாள். கடைசியாக ஓடியபோது அப்பா டீக்கடையில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார்.

"என்னடி, நான் போய்ச் சேந்துட்டேனான்னு பாக்க வந்தியா?" என்று சிரித்தார். கடையே சிரித்தது. "நான் செத்தா மாதா கோயில் மணி அடிப்பாங்க. அது கேக்குற வரைக்கும் நீ பேசாம படி."

அந்த ஊர்க் கோயிலில் சாவு மணிக்கு ஒரு முறை உண்டு. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை மணியை விட்டு விட்டு, நிதானமாக அடிப்பார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, இறந்தது பெண் என்றால் இரண்டு அடி, ஆண் என்றால் மூன்று. நாற்று நடுகிறவர்கள்கூட நிமிர்ந்து நின்று அந்தக் கடைசி அடிகளைக் கேட்டுவிட்டுத்தான் குனிவார்கள். பெயர் பிறகுதான் தெரியும்.

டீக்கடையில் பட்ட அவமானத்தில்தான் விண்ணரசி பல்கலைக்கழகத்தின் மனநல ஆலோசகர் ஹமீதா பானுவிடம் போனாள். அதிராம்பட்டினத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர். பயம் வந்தால் அதோடு சண்டை போடாமல், அந்த நிமிடத்தில் கண்ணுக்கும் காதுக்கும் தோலுக்கும் தெரிவதை மட்டும் கவனிக்கப் பழக்கினார்.

"சத்தம் கேட்டா சத்தத்த மட்டும் கேளும்மா. அது என்னன்னு மனசு கத கட்டும். அந்தக் கதைய நீ கையில வாங்காத."

சும்மா சொல்லக்கூடாது, பலன் இருந்தது. நன்றாகத் தூங்கினாள். ஆய்வேட்டை எழுதி முடித்தாள். வாய்மொழித் தேர்வுக்கு நாளும் குறித்தாகிவிட்டது.

அன்று காலை மழை. தேர்வாளர் வெளியூரிலிருந்து வந்து உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தார். கூப்பிடுவதற்கு முன்னால் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசிவிடலாம் என்று விண்ணரசி நடைக்கூடத்தில் நின்று போன் போட்டாள். எடுத்தது தங்கை லின்சி.

"அப்பா எங்கடி?"

"வயல்ல தண்ணி நிக்குதுன்னு மடை வெட்டப் போயிருக்காருக்கா. போன வீட்டுலயே வெச்சுட்டாரு. நீ நல்லா பண்ணு."

தங்கையின் குரலுக்குப் பின்னால் மணி அடித்தது. விட்டு விட்டு, நிதானமாக.

"யாருடி?"

"மேலத்தெரு ஞானம்மா பாட்டி. ரொம்ப நாளா கெடந்துச்சுல்ல."

மணி நின்றது. அப்புறம் ஒன்று. இரண்டு. லின்சி போனை வைப்பதற்குள் இன்னொன்று.

விண்ணரசி எண்ணிக்கொண்டாள், மூன்று. பாட்டிக்கு எதற்கு மூன்று? பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடச் சொல்லிக் கால் பரபரத்தது. டீக்கடைச் சிரிப்பு ஞாபகம் வந்தது. சுவரில் கையை வைத்தாள். சில்லென்று இருந்தது. மழைச் சத்தம் கேட்டது, யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. என் காதில் விழுந்தது மணி மட்டும்தான், மூன்று என்பது மனசு கட்டிய கதை என்று சொல்லிக்கொண்டாள். மூச்சு மெதுவாகச் சீரானது. ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

உள்ளே போனாள். கடலோர வயல்களில் உப்பு ஏறுவதைப் பற்றிக் கேட்ட எல்லாவற்றுக்கும் குரல் நடுங்காமல் பதில் சொன்னாள். அப்பாவின் நினைப்பு ஒரு தடவைகூட வரவில்லை. இனிமேல் நீங்கள் டாக்டர் விண்ணரசி என்று தேர்வாளர் எழுந்து சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அவளுடைய நெறியாளர் அரவிந்தன் மட்டும் தட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "வெளிய ஒங்க சித்தப்பா வந்திருக்காரும்மா" என்றார்.

வாசலில் ஜோசப்ராஜ் சித்தப்பா நின்றார். வேட்டியெல்லாம் சேறு. செருப்பு இல்லை.

"எப்போ?" என்றாள்.

"விடியக்காலையிலம்மா. மடை வெட்டப் போனவரு அங்கயே சாஞ்சுட்டாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம், ஒண்ணும் ஆவல." அவர் அழுதார். "முன்னாடியே சொன்னா நீ பரிட்சைக்குப் போவமாட்ட. போன எடுக்கலன்னா கெளம்பி வந்துடுவ. அதான் லின்சிய எடுக்கச் சொன்னோம். சாருகிட்டயும் நான்தான் வாய மூடிக்கச் சொன்னேன். தப்பா எடுத்துக்காதம்மா."

ஊருக்குப் போகும் காரில் அவள் கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்தாள், சீட்டின் ரெக்சினைத் தொட்டாள், சித்தப்பா மேலிருந்து வந்த சேற்று வாடையை முகர்ந்தாள். பழகிய பழக்கம் தானாக வேலை செய்தது. அது அப்பாவின் வயல் சேறு. அதற்குமேல் எதையும் கவனிக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

வீட்டில் இந்தத் தடவை அவளுக்காகப் பெட்டியை மூடாமல் வைத்திருந்தார்கள். அப்பாவின் நகக்கண்களில் மண் அப்படியே இருந்தது. லின்சி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

"மன்னிச்சிடுக்கா. பொய் சொல்லிட்டேன். எல்லாரும் சொல்லச் சொன்னாங்க."

விண்ணரசி தங்கையின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"மணி மூணுதானே அடிச்சாங்க?"

லின்சி மெல்ல நிமிர்ந்து பார்த்தாள். "ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுடி. எண்ணிப் பாத்துட்டுதான் உள்ள போனேன்."