தீட்டுப் படாத வீடு

நாகாவோகாவைத் தலைநகராக்கிப் பத்து ஆண்டுகூட ஆகவில்லை. அதற்குள் மன்னர் அதையும் விட்டுப் புறப்பட்டார். முன்பு பழைய தலைநகரான நாராவை விட்டபோது, அங்கே பௌத்த மடங்களின் கை ஓங்கிவிட்டது என்றார்கள். இங்கே ஆறு ஊருக்குள் புகுந்தது, பிறகு அம்மை வந்தது. மன்னர் நாடுகடத்தியதில் வழியிலேயே பட்டினியால் செத்த அவருடைய தம்பிதான் ஆவியாகி இத்தனையும் செய்கிறார் என்று குறி சொல்பவர்கள் கண்டுபிடித்தார்கள்.

நான் அரண்மனையைப் பிரிக்கும் வேலையில் இருந்தேன். ஒவ்வொரு தூணிலும் அது நின்ற இடத்தை மையால் எழுத வேண்டும். புதிய ஊரில் அதே வரிசையில் நடுவார்கள். அந்தச் சமயத்தில்தான் என் தம்பி ஹிரோதாரிக்கு அம்மை கண்டது.

மேஸ்திரி என்னைத் தனியே கூப்பிட்டார்.

“தம்பி எப்படி இருக்கான்?”

“கஞ்சிகூட இறங்கலைங்க.”

“அப்போ வெளியே தூக்கிடு. உசுரு வீட்டுக்குள்ளயே போச்சுன்னா உனக்கும் தீட்டு. ஒரு மாசம் அரண்மனை வாசலை மிதிக்கக் கூடாது. நான் வேற ஆளைப் போட்டுடுவேன். அப்புறம் புது ஊர்ல உனக்கு ஏது மனை? பொண்டாட்டி புள்ளைங்களோட இந்தச் சேத்துலயே கிட.”

ஊரில் எல்லோரும் செய்வதுதான். தம்பியின் அருகில் போய் உட்கார்ந்தேன். அவனே ஆரம்பித்தான்.

“என்னண்ணே, மூஞ்சி நனைஞ்ச பாயாட்டம் தொங்குது? மேஸ்திரி சொல்லிட்டாரா?”

“சும்மா கிடடா.”

“ராஜா அவர் தம்பிக்குப் பயந்து ஊரையே மாத்துறாரு. நீ என்னை மட்டும் மாத்தினா போதும். உனக்கு வேலை கம்மி.”

அவனைக் கதவுப் பலகையில் கிடத்தி, நானும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆற்றங்கரைக்குத் தூக்கிப் போனோம். வில்லோ மரத்தடியில் பாய் விரித்து, தண்ணீரும் தினைக் கஞ்சியும் வைத்தேன்.

“வெயில் கண்ணுல அடிக்குது. கொஞ்சம் திருப்பிப் போடுண்ணே.”

திருப்பிப் படுக்க வைத்தேன்.

“நாளைக்கு வருவியா?”

“வருவேன்டா.”

மறுநாள் போனேன். கரைமேட்டிலேயே நின்றுவிட்டேன். கஞ்சிச் சட்டியில் காக்கைகள் இருந்தன. அவன் கை அவற்றை விரட்டவில்லை. பிணத்தின் அருகில் போனாலும் தீட்டுதான். பெயர் சொல்லி ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அப்படியே வேலைக்குத் திரும்பினேன்.

“வீட்டுல ஒண்ணும் ஆகலையே?” என்றார் மேஸ்திரி.

“வீட்டுல ஒண்ணும் ஆகலைங்க” என்றேன்.

அடுத்த மாதமே எங்கள் வீட்டையும் பிரித்தோம். தூண்களை மாட்டுவண்டியில் ஏற்றி, புதிய தலைநகரான ஹேயானில் கிடைத்த மனையில் நட்டோம். என் பேரப்பிள்ளைகள் அதில்தான் பிறந்தார்கள். இந்தக் கூரையின் கீழே இதுவரை ஒரு சாவுகூட இல்லை, ராசியான வீடு என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.