ஆட்டத்துக்கு முதுகு

கால்பந்து மைதானத்தில் என் வேலை, ஆட்டத்தைப் பார்க்காமல் இருப்பது. மஞ்சள் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டி, கேலரியைப் பார்த்து நிற்க வேண்டும். யார் எழுந்து நின்று பின்னால் இருப்பவருக்கு மறைக்கிறார், யார் பாட்டிலை எறியக் கை ஓங்குகிறார், யார் வாய் கூசாமல் திட்டுகிறார் என்று கவனிக்க வேண்டும். திரும்பினால் வேலை போய்விடும். போன மாதம் ஒருத்தி கோல் சத்தம் கேட்டுத் திரும்பினாள். அன்றைக்கே ஜாக்கெட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

இத்தனை வருடத்தில் ஒரு கோலைக்கூட நான் பார்த்ததில்லை. அதற்காக வருந்தியதும் இல்லை. கால் கடுக்க நின்றுவிட்டு, வீட்டுக்குப் போய் வெந்நீரில் காலை வைத்தால் போதும் என்றிருக்கும். ஆனால் அன்றைக்கு என் மகள் முதல்முறையாகப் பெரிய அணியில் ஆடினாள்.

காலையில் ஷூ நாடாவை இறுக்கியபடியே கேட்டாள். "ஒரே ஒரு தடவை திரும்பிப் பாரும்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

"சூப்பர்வைசருக்கு முதுகுலயும் கண்ணு இருக்கு. நம்ம ரெண்டு பேருக்கும் சோறு போடற வேலைடி இது."

"அப்ப நான் ஆடறத யாரு பாப்பாங்க?"

சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன்.

மூன்றாவது வரிசையில் லவுட்ஸ்பீக்கர் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு எதிரணியின் ரசிகர். ஒரு ஆட்டம் விடாமல் வந்து தொண்டை கிழியக் கத்துவதால் நாங்கள் வைத்த பெயர் அது. "ஏய் ஏழாம் நம்பர்! வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவு!" என்று ஆரம்பித்தார். ஏழாம் நம்பர் என் மகள். எனக்குச் சுரீரென்றது.

"சார், கொஞ்சம் மரியாதையா பேசுங்க. பக்கத்துல குடும்பமா உட்கார்ந்திருக்காங்க."

"டிக்கெட் வாங்கிட்டு ஊமையாவா உட்காரணும்?"

சூப்பர்வைசர் வந்து காதோரம் கேட்டார். "ரொம்பத்தான் ஆடறாரு. வெளிய அனுப்பிடவா?"

"வேண்டாம் சார். நான் பாத்துக்கறேன்."

பெருந்தன்மையெல்லாம் ஒன்றுமில்லை. மற்றவர்களில் பாதிப் பேர் செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த மனிதரின் முகம்தான் ஆட்டத்தை விட்டு நகரவே இல்லை. அவர் பல்லைக் கடித்தால் பந்து என் மகள் காலில். இளித்தால், பறிகொடுத்துவிட்டாள். அவளைத் திட்டும் வாயைச் சகித்துக்கொண்டு, அந்த முகத்தில்தான் நான் ஆட்டம் பார்த்தேன்.

ஆட்டம் சமனில் முடிந்து பெனால்டிக்குப் போனது. கடைசி உதை, கோலானால்தான் ஆட்டம் நீடிக்கும், அடிப்பது ஏழாம் எண் என்று மைக்கில் அறிவித்தார்கள். கேலரி அடங்கிவிட்டது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, அடக்கிக்கொண்டேன்.

விசில் அடித்தது. லவுட்ஸ்பீக்கர் மூச்சைப் பிடித்தார். பிறகு துள்ளி எழுந்தார்.

"வெளிய அடிச்சுட்டா! வெளிய அடிச்சுட்டா!"

கையைத் தூக்கிக்கொண்டு குதித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை நேரத்தில் அழுவேன் என்று நானே நினைக்கவில்லை. இன்னொரு தடவை கத்த வாயைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்தார். மைதானத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். தூக்கிய கை இறங்கியது.

"உங்க பொண்ணாம்மா?"

"உட்காருங்க சார். பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது."

உட்கார்ந்தார். சுற்றிலும் ஒரே ஆரவாரம். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சார், அவ என்ன பண்றா?"

"தரையிலயே உட்கார்ந்துட்டா." கத்தாதபோது அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "கூட ஆடறவங்க தூக்கி விடறாங்க. எழுந்துட்டாம்மா, எழுந்துட்டா." கொஞ்சம் தயங்கினார். "இந்தப் பக்கம்தான் பாக்கறா. உங்க முதுகையே பாத்துட்டு நிக்கறா."

நான் திரும்பவில்லை. கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஆட்டினேன்.

"பாத்துட்டாம்மா" என்றார்.